இடைப்பட்ட மூன்று மணி நேரம்: நானாவதி வழக்கும் அதன் மறுகூறல்களும்

பெயர்பெற்ற கொலை வழக்குகள் இலக்கியமாகவும் திரைப்படமாகவும் மறுபிறப்பெடுப்பது இந்திய மொழிகள் அனைத்திலும் காணப்படும் போக்காகும். தமிழில் கொலைச்சிந்துகள் தொடங்கித் தொலைக்காட்சித் தொடர்கள் வரை இதற்குச் சான்றுகள் உள்ளன. ஆயினும் ஒரே வழக்கைப் பற்றி எழுந்த பல்வகைப் பனுவல்களை, அதாவது தீர்ப்பு, செய்தி, திரைப்படம், புதினம் ஆகியவற்றை, அருகருகே வைத்துப் படிக்கும் முயற்சி போதிய அளவு நிகழவில்லை. தீர்ப்பைச் சட்டத்துறைக்கும் திரைப்படத்தை ஊடகத்துறைக்கும் ஒதுக்கிவிடும் பழக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஒரு கொலையை எடுத்துரைப்பது என்னும் ஒரே பணியை இவை அனைத்தும் செய்கின்றன என்பது அப்பழக்கத்தில் மறைந்துபோகிறது.

1959ஆம் ஆண்டு பம்பாயில் நிகழ்ந்த நானாவதி வழக்கு இவ்வாய்வுக்குப் பொருத்தமானது. இவ்வழக்கின் மறுகூறல்கள் பலவும் கொலையைத் தவிர்க்க இயலாத ஒன்றாக்கிக் காட்டுகின்றன; அது தவிர்க்கக்கூடியதாக இருந்தது என்பதை எடுத்துரைப்பின் வழியாகவே நிறுவிய பனுவல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

வழக்கின் செய்திகள்

கவாஸ் மானெக்ஷா நானாவதி இந்தியக் கடற்படையில் கமாண்டர், ஐ.என்.எஸ். மைசூர் என்னும் போர்க்கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி. பார்சி இனத்தவர். 1949இல் இங்கிலாந்தில் சில்வியா என்னும் ஆங்கிலப் பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. கடற்பணியின் காரணமாக அவர் அடிக்கடி ஊரில் இல்லாத சூழலில், குடும்ப நண்பரும் மோட்டார் வாகன வணிகருமான பிரேம் அஹுஜாவுக்கும் சில்வியாவுக்கும் உறவு ஏற்பட்டது. 1959 ஏப்ரல் 27ஆம் நாள் சில்வியா அதனைக் கணவரிடம் ஒப்புக்கொண்டார். அன்று பிற்பகலே அஹுஜா தம் வீட்டுப் படுக்கையறையில் சுடப்பட்டு இறந்தார். நானாவதி தாமாகவே சென்று காவல்துறையிடம் சரணடைந்தார்.

அமர்வு நீதிமன்றத்தில் ஜூரியினர் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி இம்முடிவை ஏற்காமல் உயர்நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பினார். உயர்நீதிமன்றம் 1960 மார்ச் 11 அன்று கொலைக் குற்றத்திற்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதே நாளில் பம்பாய் ஆளுநர் ஸ்ரீபிரகாசா (1952 முதல் 1956 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தவர்) தண்டனையை நிறுத்தி வைத்தார். ஆளுநரின் இந்த அதிகாரத்தின் எல்லை குறித்து உச்சநீதிமன்ற அரசியலமைப்பு ஆயம் 1960 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 1961 நவம்பர் 24 அன்று தண்டனையும் உறுதி செய்யப்பட்டது. இந்தியாவின் கடைசி ஜூரி விசாரணை இதுவே என்று எழுதப்படுவது பிழை. ஜூரி முறையைக் கைவிடவேண்டும் என்று சட்ட ஆணையம் தன் பதினான்காம் அறிக்கையில் 1958ஆம் ஆண்டே பரிந்துரைத்திருந்தது. இவ்வழக்கிற்குப் பின்னும் சில இடங்களில் ஜூரிகள் அமர்ந்தனர். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் அம்முறை முற்றிலுமாக இடம்பெறாமல் போயிற்று. ஒரு வழக்கு ஒரு நிறுவனத்தையே வீழ்த்தியது என்று சொல்வதில் உள்ள கதைச்சுவையே அப்பிழை நிலைத்திருப்பதற்குக் காரணம் எனலாம்.

பெயரும் அடையாளமும்

அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. தலைவன், தலைவி, தோழி என்னும் பொதுநிலையில் நிற்கும்வரைதான் ஓர் உறவு அகமாக இருக்க இயலும். பெயர் புகுந்த கணத்தில் அது ஒருவருடைய வரலாறாகிறது. புகழோ இகழோ வந்து சேர்கிறது. பெயர்கூட வேண்டியதில்லை, ஓர் அடையாளமே போதும் என்பதற்கு நெடுநல்வாடை பற்றிய உரை மரபு சான்று. பிரிவாற்றாத அரசியையும் பாசறையில் இருக்கும் அரசனையும் பாடும் அப்பாட்டில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் வேலில் வேம்பு சூட்டப்பட்டமை பாண்டியனைச் சுட்டுவதாகக் கொண்டு அதனைப் புறம் என வகைப்படுத்தினார் நச்சினார்க்கினியர். ஒரு பூ திணையையே மாற்றிவிட்டது.

இவ்விலக்கணத்தைப் பம்பாய் வழக்கொன்றில் பொருத்திப் பார்ப்பது மரபின் தாக்கத்தை நிறுவுவதற்காக அன்று. தனிவாழ்வின் ஒரு முறிவு பொதுவாழ்வின் கதையாக மாறும் இடத்தை இத்துணைத் துல்லியமாகக் குறித்துக் காட்டும் கருவி வேறு திறனாய்வு மரபுகளில் எளிதில் கிடைப்பதில்லை.

நானாவதி வழக்கில் வேம்பின் இடத்தைப் பிடித்தது கடற்படைச் சீருடை. வெண்ணிறச் சீருடையும் பதக்கங்களும் அணிந்து அவர் நீதிமன்றத்தில் தோன்றினார். மனைவியின் உறவால் புண்பட்ட கணவன் என்ற நிலையில் அவருடைய துயரம் அகம் சார்ந்தது. எந்த வீட்டிலும் நிகழக்கூடியது. சீருடை அதனைப் புறமாக்கியது. நாட்டைக் காக்கக் கடல்மேல் சென்ற வீரன், அவன் இல்லாத வேளையில் அவன் வீட்டைக் கெடுத்த செல்வன் என்று கதை மாற்றமுற்றது. கொல்லப்பட்டவர் வாகன வணிகர் என்பதும், கேளிக்கைகளில் பழகியவர் என்பதும், சிந்தி இனத்தவர் என்பதும் இக்கதைக்கு வேண்டிய மறுபக்கமாயின. விடுதலைக்காக வாதாடிய கார்ல் கண்டாலாவாலா பகாரி ஓவியங்களைப் பற்றி 1958இல் பெருநூல் எழுதிய கலை வரலாற்றறிஞரும் ஆவார். ஒரு காட்சியை எவ்வாறு அமைப்பது என்பது அவருக்குத் தெரியாததன்று.

அலரின் தொழில்

சங்க அகப்பாடல்களில் அம்பலும் அலரும் வேறுபட்டவை. சிலர் அறிந்து குறிப்பால் உணர்த்துவது அம்பல். பலரறியப் பேச்சாய் விரிவது அலர். அலர் வெறும் வம்பு அன்று. அதற்கு ஒரு தொழில் உண்டு. அது களவை வெளிப்படுத்தித் தலைவனை வரைவுக்கு நெருக்குகிறது. ஊர் தூற்றுகிறது, ஆனால் அத்தூற்றலால் உறவு ஒரு முடிவை நோக்கி நகர்கிறது.

1959இல் இத்தொழிலை ஏற்றுக்கொண்டது பம்பாயிலிருந்து வெளிவந்த ‘பிளிட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழ். அதன் ஆசிரியர் ஆர். கே. கரஞ்சியாவும் பார்சி இனத்தவரே. இவ்விதழ் வழக்கைச் செய்தியாக வெளியிட்டதோடு நிற்கவில்லை. நானாவதிக்கு மன்னிப்பு வழங்கவேண்டும் என்று வெளிப்படையான இயக்கமே நடத்தியது. இருபத்தைந்து காசு விலையுள்ள இதழ் இரண்டு ரூபாய் வரை விற்றது என்று சொல்லப்படுவதுண்டு. தெருவில் நானாவதி பெயரால் பொம்மைத் துப்பாக்கியும் அஹுஜா பெயரால் துண்டும் விற்கப்பட்டன என்ற செய்தியும் வழக்கு பற்றிய நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது.

சங்க அலருக்கும் இதழ் அலருக்கும் உள்ள வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. பாடல்களில் ஊரார் தூற்றுவது காதலரை. இங்கோ அலர் ஒருவரைத் தூற்றி மற்றொருவரை ஏற்றியது. தூற்றப்பட்டவர் மறுமொழி கூற இயலாதவர். இறந்தவருக்கு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லை. அரசுத்தரப்பு அரசின் சார்பில் வாதாடுகிறதேயன்றி அவர் சார்பில் அன்று. அஹுஜாவின் தமக்கை தம் சார்பில் விசாரணையைக் கவனித்து வருமாறு ராம் ஜெத்மலானி என்னும் இளம் வழக்கறிஞரை அமர்த்தவேண்டியதாயிற்று.

கொலை வழக்கில் கொலையுண்டவரே விசாரணைக்கு உள்ளாவது பம்பாய்க்கு மட்டும் உரியதன்று. 1944 நவம்பரில் சென்னையில் குத்துண்டு இறந்த லட்சுமிகாந்தன், திரையுலகினரின் அந்தரங்கங்களை எழுதிய ‘இந்து நேசன்’ இதழின் ஆசிரியர். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945இல் தண்டிக்கப்பட்டு, பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியபின் 1947இல் விடுதலையாயினர். அவ்வழக்கைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரிதும் பாகவதரின் வீழ்ச்சியைப் பாடும் கையறுநிலைகளே. இறந்தவருக்கு அங்கே இரங்குவார் இல்லை. 1952இல் சென்னையில் பேனா வணிகர் ஆளவந்தார் கொல்லப்பட்டு, உடல் பெட்டியில் அடைக்கப்பட்டு, இந்தோ-சிலோன் விரைவு வண்டியில் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்ட வழக்கும் இத்தகையதே. அதில் தண்டிக்கப்பட்டவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவனுக்கு ஏழு ஆண்டும் மனைவிக்கு மூன்று ஆண்டும் தண்டனை கிடைத்தன. உடலைத் துண்டித்த கொடுமைக்கு இணையாக, இறந்தவரின் ஒழுக்கக்கேடும் விசாரணையிலும் அதன்பின் எழுந்த பேச்சிலும் இடம்பெற்றது. இம்மூன்று வழக்குகளிலும் மக்கள் பேச்சு கேட்ட வினா ‘யார் கொன்றார்’ என்பதைவிட ‘இறந்தவர் அதற்கு உரியவரா’ என்பதே.

தீர்ப்பு என்னும் எடுத்துரைப்பு

நீதிபதி கே. சுப்பாராவ் எழுதிய 1961ஆம் ஆண்டுத் தீர்ப்பு சட்ட மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானது. அன்று நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவிற்கு உரிய முதல் விதிவிலக்கை அது விளக்குகிறது. கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான சினமூட்டலால் தன்கட்டுப்பாட்டை இழந்த ஒருவர் செய்யும் கொலை, கொலைக்குற்றம் என்னும் வரையறைக்குள் வராது. எனவே வழக்கின் மையம் செயலில் இல்லை. செயலுக்கும் அதன் காரணத்திற்கும் இடைப்பட்ட நேரத்தில் இருக்கிறது. சட்டத்தின் வினாவே இங்கு எடுத்துரைப்பியலின் வினாவாகிவிடுகிறது.

தீர்ப்பு அந்நேரத்தை எவ்வாறு சொல்கிறது என்பது காணத்தக்கது. மனைவி ஒப்புக்கொண்டபின் நானாவதி அவரையும் இரு குழந்தைகளையும் அண்டைவீட்டுக் குழந்தையையும் திரையரங்கிற்குத் தம் காரில் அழைத்துச் சென்று விடுகிறார். ஆறு மணிக்கு வந்து அழைத்துச் செல்வதாகச் சொல்கிறார். பின்னர்க் கப்பலுக்குச் செல்கிறார். இரவில் தனியே அகமதுநகருக்குக் காரோட்டிச் செல்வதாகப் பொய்க்காரணம் கூறித் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெறுகிறார். பழுப்பு நிற உறையில் அதனை வைத்துக்கொள்கிறார். அஹுஜாவின் அலுவலகம் செல்கிறார், அவர் அங்கில்லை. வீட்டிற்குச் செல்கிறார். வேலையாள் கதவைத் திறக்கிறார். படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துகிறார்.

இவற்றுள் எச்செயலிலும் உணர்ச்சிக் கொந்தளிப்பு இல்லை. உரையாடல் ஏறக்குறைய இல்லை, உவமையும் இல்லை. நேரமும் இடமும் செயலும் மட்டுமே வரிசையாக வருகின்றன. வீட்டைவிட்டு நீங்கிய ஒன்றரை மணிக்கும் சுட்ட நான்கு மணி இருபது நிமிடத்திற்கும் இடையே மூன்று மணி நேரம் கழிந்தது என்றும், இழந்த தன்கட்டுப்பாட்டை மீட்டுக்கொள்ள அது போதுமானது என்றும் தீர்ப்பு முடிவுசெய்கிறது. (கடிகாரக் கணக்கில் பத்து நிமிடம் குறையும், தீர்ப்பு அதைப் பொருட்படுத்தவில்லை.) மனைவி மக்களின் எதிர்காலத்தைப் பற்றி எண்ணி அதற்கேற்ப நடந்துகொண்ட ஒருவர் தன்னிலை இழந்தவராக இருக்க இயலாது என்பது அதன் வாதம். அன்பின் அடையாளமாகப் பிறர் கண்ட செயலை, குழந்தைகளைப் படம் பார்க்க விட்டுவந்த செயலை, தீர்ப்பு திட்டமிடலின் அடையாளமாகப் படித்தது. ஒரே செய்தி, இரு வாசிப்புகள்.

குளித்து வந்த அஹுஜா இடுப்பில் துண்டு மட்டும் கட்டியிருந்தார். இருவரும் துப்பாக்கிக்காகக் கட்டிப்புரண்டபோது தற்செயலாக வெடித்தது என்பது எதிர்த்தரப்பின் கூற்று. ஆனால் சடலத்தில் துண்டு அவிழாமல் இருந்தது. சிலப்பதிகார வழக்குரை காதையில் பரலே சான்றாகிறது. மன்னன் தீர்ப்பைப் பொருள் ஒன்று கவிழ்க்கிறது. இங்கும் பொருள் ஒன்று கதையை மறுத்தது. ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டும்போது அவையில் மறுப்பதற்கு எவரும் இல்லை. துண்டையோ எட்டு ஜூரிகள் கண்டும் காணாமல் கடந்துசென்றனர். உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமுமே அதற்கு உரிய இடத்தை வழங்கின.

தீர்ப்பைக் குறையற்ற பனுவலாகக் கொள்ளவேண்டுவதில்லை. சில்வியா அஹுஜாவுக்கு எழுதிய கடிதங்கள் அதில் சான்றுகளாக வருகின்றன. மணமுறிவும் மறுமணமும் பற்றிய அவருடைய ஏக்கமும் ஐயமும் அவற்றில் உள்ளன. அஹுஜா அவரை மணக்கும் எண்ணம் கொண்டிருந்தாரா என்னும் வினாவிற்கு விடைதேட மட்டுமே அவை பயன்படுகின்றன. எழுதியவர் என்ன விரும்பினார் என்பது சட்டத்திற்குத் தேவைப்படவில்லை. இவ்வழக்கு முழுவதிலும் ஒரு பெண் தன் சொற்களால் தன்னை வெளிப்படுத்திய எழுத்து அவை மட்டுமே.

மறுகூறல்கள்

1963இல் வெளிவந்த ‘யே ரஸ்தே ஹைன் பியார் கே’ என்னும் இந்தித் திரைப்படத்தில் சுனில் தத்தும் லீலா நாயுடுவும் கணவன் மனைவியாக நடித்தனர். அதன் திரைக்கதை நானாவதி வழக்கிற்கு முன்பே எழுதப்பட்டது என்னும் கருத்துப்பட லீலா நாயுடு, ஜெர்ரி பின்டோவுடன் இணைந்து 2010இல் வெளியிட்ட நூலில் குறிப்பிட்டுள்ளார். இக்குறிப்பு முதன்மையானது. வாழ்க்கையைப் பார்த்துக் கதை எழுதப்பட்டது என்ற வழக்கமான எண்ணத்தை இது தலைகீழாக்குகிறது. கணவன், மனைவி, நண்பன், துப்பாக்கி என்னும் கதை ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. வழக்கு வந்து அதில் பொருந்தியது. ஜூரியினர் எண்மர் கண்டதும் அத்தகைய ஒரு கதையையே எனலாம்.

குல்சார் இயக்கிய ‘அசானக்’ (1973) கதைமாந்தரை இராணுவ அதிகாரியாக்கி, மனைவியையும் நண்பனையும் கொல்லச் செய்கிறது. இது நானாவதி செய்யாதது. எனினும் கொலைக்குப் பின் உள்ள காலத்தை அப்படம் விரித்துரைக்கிறது. தூக்குத் தண்டனை பெற்றவனை மருத்துவர்கள் போராடிக் காப்பாற்றுகின்றனர், தூக்கிலிடப்படுவதற்காக. பாடல்களை விலக்கிய இப்படமே மூன்று படங்களுள் கலைநேர்மை மிக்கது. ஆயினும் கொலைக்கு முந்திய இடைவெளி இதிலும் சுருங்கிவிடுகிறது. துரோகத்தைக் கண்டவன் கொன்றான் என்பதற்குமேல் அங்கு வினா எழுவதில்லை.

2016இல் வந்த ‘ருஸ்தம்’ அவ்வாறன்று. அது இடைவெளியை மறைக்கவில்லை, நிரப்பிவிடுகிறது. கடற்படைக்குக் கப்பல் வாங்குவதில் ஊழல், அதில் பங்குகொண்ட வணிகன், அதனை முறியடிக்கும் அதிகாரி என்று புதிய கதையொன்று நுழைகிறது. கொலைக்கான காரணம் மனைவியிலிருந்து நாட்டிற்கு மாறுகிறது. 1959இல் சீருடை தொடங்கிவைத்த திணைமயக்கத்தை இப்படம் முழுமையாக்கியது: அகத்தின் சுவடு முற்றும் அழிந்து, கொலை வஞ்சினமாகிவிட்டது. தீர்ப்பு எந்த நேரத்தைக் குற்றத்தின் சான்றாகக் கண்டதோ அதே நேரம் இங்கு வீரத்தின் சான்றாகிறது.

சல்மான் ருஷ்தியின் ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ (1981) புதினத்தில் வரும் கமாண்டர் சபர்மதி நிகழ்ச்சி மட்டும் வேறொரு வழியில் செல்கிறது. அங்கே கணவனுக்குச் செய்தியைத் தெரிவிப்பது மனைவி அன்று. சிறுவனான கதைசொல்லி நாளிதழ்த் தலைப்புகளிலிருந்து எழுத்துகளை வெட்டியொட்டிப் பெயரிலாக் கடிதம் அனுப்புகிறான். கொல்லப்படுபவர் திரைப்படத் தயாரிப்பாளர். இதழ்களின் எழுத்துகளே கொலைக்குத் தூண்டுதலாவது ‘பிளிட்ஸ்’ ஆற்றிய பணியைப் பற்றிய கூரிய விமரிசனமாகும். அலரைப் பாத்திரமாக்கிய ஒரே மறுகூறல் இது எனலாம். ஆனால் புதினத்தின் அங்கதம் இறந்தவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவர் நகைப்பிற்குரியவராகவே மறைகிறார்.

1964இல் நானாவதிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அப்போது மகாராஷ்டிர ஆளுநராக இருந்தவர் விஜயலட்சுமி பண்டிட். பாய் பிரதாப் என்னும் சிந்தி வணிகர் வேறொரு வழக்கில் மன்னிப்புக் கோரியிருந்தார். இரு சமூகத்தாரும் மனக்குறையின்றி இருக்க இரு மன்னிப்புகளும் ஒருங்கே அளிக்கப்பட்டன. அதற்கு முன், அஹுஜாவின் தமக்கையிடம் எழுத்து வடிவில் இசைவு பெறப்பட்டது. அதைப் பெற்றுத் தந்தவர் முன்னர் அவருக்காக விசாரணையைக் கவனித்த ஜெத்மலானியே. நானாவதி குடும்பம் 1968இல் கனடாவிற்குக் குடிபெயர்ந்தது. அவர் 2003இல் காலமானார்.

தம்பியை இழந்தவர் கொன்றவரை மன்னித்து எழுதிய அம்மடல் இவ்வழக்கின் பனுவல்களுள் மிகச் சிறியது. ‘ருஸ்தம்’ படத்தில் அத்தமக்கையின் இடத்தில் வரும் பெண், வழக்கில் வெல்வதற்காக எதையும் செய்யத் துணிந்த எதிர்நிலைப் பாத்திரமாகப் படைக்கப்பட்டிருக்கிறார்.